எந்த எக்ஸான்?

செய்தித்தாளில் ‘தசைச்சிதைவு நோய்க்குப் புதிய ஊசி’ என்று ஒரு பெட்டிச் செய்தி வந்துவிட்டால் போதும், காலையிலேயே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அம்பையிலிருந்து ஒருவர், சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர். “மருந்து வந்துட்டாம்லா மேடம்?” பாளையங்கோட்டையில் மரபணு ஆலோசகராக இருக்கும் நான் பதிலுக்கு ஒரே கேள்விதான் கேட்பேன்: “பையனோட ரிப்போர்ட்ல எந்த எக்ஸான் போட்டிருக்கு?” மருந்தைப் பற்றிக் கேட்டால் இவள் நம்பர் கேட்கிறாளே என்று எரிச்சல்பட்டவர்கள் உண்டு. என்ன செய்ய, இந்த மருந்துகளின் கதையே அந்த நம்பரில்தான் தொடங்குகிறது.

நோயின் பெயர் டுஷேன். அனேகமாக ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். மூன்று, நான்கு வயதில் படி ஏறத் திணறுவான். கெண்டைக்கால் மட்டும் நல்ல புஷ்டியாகத் தெரியும், அதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான். பத்துப் பன்னிரண்டு வயதுவாக்கில் நடை நின்றுவிடும். தசையைக் காக்கிற டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாததுதான் காரணம். அந்தப் புரதத்துக்கான ஜீன் மனித உடலின் மிகப் பெரிய ஜீன்களில் ஒன்று. இருபது லட்சம் எழுத்துக்கு மேல் நீளம், அதில் புரதத்துக்கான செய்தி இருப்பது 79 துண்டுகளில் மட்டும். அந்தத் துண்டுகள்தான் எக்ஸான். நோய் வந்த பையன்களில் பெரும்பாலோருக்கு ஒன்றோ பலவோ துண்டுகள் விடுபட்டிருக்கும். எவை என்று எம்எல்பிஏ என்கிற ரத்தப் பரிசோதனை சொல்லும்.

முக்கூடலில் ஒரு வீட்டுக்கு அந்த ரிப்போர்ட்டோடு போயிருந்தேன். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இலை வெட்டுகிற கத்தரி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பையன் ஒன்பதாம் வகுப்பு, சக்கர நாற்காலி. அவனுக்கு 48, 49, 50 மூன்றும் இல்லை. வழக்கமாகப் பெற்றோரிடம் சொல்வதை அவனிடமே சொன்னேன். செல் இந்தச் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். விடுபட்ட எழுத்துகள் மூன்றால் வகுபட்டால் மீதிச் செய்தி தப்பிக்கும், வகுபடாவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே பிதற்றல். “எத்தனை எழுத்து மேடம்?” என்றான். 48-இல் 186, 49-இல் 102, 50-இல் 109. பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் கூட்டி வகுத்தான். 397. மீதி ஒன்று.

“இப்போ 51-ஐயும் சேர்த்துக்கோ. அதுல 233 எழுத்து.”

“630. மீதி இல்ல.” பேனாவைக் கீழே வைக்காமலே அடுத்த கேள்வி: “அப்போ 51-ஐயும் தூக்கிட்டா போதும்லா?”

இந்த ஆராய்ச்சியின் மூல யோசனையே அதுதான். நோயின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குவது! புரதம் நடுவில் குட்டையாக இருக்கும், ஆனால் இரண்டு முனையும் இருக்கும். இயற்கையாகவே அப்படிக் குட்டைப் புரதம் உள்ளவர்களுக்கு வருவது பெக்கர் என்ற வகை. பொதுவாக டுஷேனைவிட மெதுவாகப் போகும், பல பேர் நடுவயது வரை நடக்கிறார்கள்.

51-ஐத் தூக்க ஜீனைத் தொடவே வேண்டாம். ஜீனிலிருந்து எடுத்த ஆர்என்ஏ நகலில் துண்டுகளை ஒட்டுகிற நேரத்தில், 51-இன் மேல் அதற்கு எதிரெழுத்துகளால் ஆன ஒரு சின்ன இழை போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டுகிற இயந்திரம் அந்தத் துண்டைக் கவனிக்காமல் தாண்டி 52-க்குப் போய்விடும். அந்த இழைதான் ஆன்டிசென்ஸ். 1978-இல் சமெக்னிக், ஸ்டீஃபன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 13 எழுத்து இழை ஒன்றை வைத்து ஒரு வைரஸைத் தடுத்துக் காட்டினார்கள். மருந்தாக முதலில் அனுமதி வாங்கியது 1998-இல், கண்ணில் போடுகிற ஊசி. எக்ஸான் 51-க்கான மருந்தின் பெயர் எட்டெப்லிர்சென், அது 30 எழுத்து இழை.

கணக்கு இவ்வளவு அழகாக வருவதுதான் என் வேலையில் பெரிய தொந்தரவு. காகிதத்தில் மீதி இல்லாமல் வகுபட்டதைப் பார்த்தவனிடம் அடுத்ததைச் சொல்ல வேண்டும். எட்டெப்லிர்செனுக்கு 2016-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, அவர்களுடைய ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மை எதிராகத்தான் வாக்களித்தது. 48 வாரம் மருந்து போட்ட பிறகு தசையில் டிஸ்ட்ரோஃபின், நோயில்லாதவர்களுக்கு இருக்கும் அளவில் சராசரியாக 0.16 சதவீதத்திலிருந்து 0.44 சதவீதம் ஆனது. நூற்றில் அரை கூட இல்லை. 2018-இல் ஐரோப்பா மறுத்துவிட்டது. இழை தசைக்குள் போதுமான அளவு நுழைவதில்லை, இதயத் தசைக்குள் இன்னும் குறைவு. ஜீன் அப்படியே இருப்பதால் நிறுத்தவும் முடியாது. கிலோவுக்கு 30 மில்லிகிராம், வாராவாரம், டிரிப்ஸில். 35 கிலோ பையனுக்கு ஒரு தடவைக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். எடை கூடக் கூட மருந்து கூடும், செலவும் கூடும். பிள்ளை வளர்வதற்குக் கவலைப்பட வேண்டிய சிகிச்சை. அமெரிக்காவில் அது அறிமுகமானபோதே வருடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் டாலர் என்றார்கள். அதை ரூபாயாக்கி நான் யார் வீட்டிலும் சொல்வதில்லை.

இதுவும் 51 உதவக்கூடியவர்களுக்கு மட்டும், அதாவது நூற்றுக்குச் சுமார் 13 பேர். 53-க்கு கோலோடிர்சென், வில்டோலார்சென், 45-க்கு காசிமெர்சென். ஒவ்வொரு எக்ஸானுக்கும் நூற்றுக்கு எட்டுப் பேர்போல. அதனால்தான் என் நோட்டு பெயர் வரிசையில் இல்லை, எந்த எக்ஸானைத் தாண்ட வேண்டும் என்ற வரிசையில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரே தெருக்காரர்கள்கூட இருக்க மாட்டார்கள்.

அதே 2016 டிசம்பரில் வந்த நுசினெர்சென் வேறு ரகம். எஸ்எம்ஏ என்கிற முதுகுத்தண்டு நரம்பு நோய்க்கு. அந்தப் பிள்ளைகளிடம் பழுதான ஜீனுக்கு மாற்றாக எஸ்எம்என்2 என்று இன்னொன்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் 7-ஆம் எக்ஸானை விட்டுவிட்டே ஒட்டும். மருந்து இங்கே தலைகீழாக வேலை செய்து 7-ஐச் சேர்க்க வைக்கிறது. எந்த இடத்தை மறைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்ததில் ரவீந்திர சிங் என்ற ஆய்வாளருக்குப் பெரிய பங்கு, அதை மருந்து வரை கொண்டுபோனதில் ஏட்ரியன் கிரைனர் என்ற ஆய்வாளருக்கு. 12 மில்லிகிராம், முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரே போடுவார்கள். ஆரம்ப நான்கு ஊசிக்குப் பிறகு நாலு மாதத்துக்கு ஒன்று. சீக்கிரமே தொடங்கிய குழந்தைகள் உட்கார்ந்தார்கள், சிலர் நடந்தார்கள். விலை இதற்கும் எட்டாததுதான். ஆனாலும் எக்ஸான் நம்பர் எல்லாருக்கும் ஒன்றுதான், 7. ஆன்டிசென்ஸ் பலிக்குமா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டு நோய்க்கும் நடுவே எங்கள் பக்கத்தில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பது இங்கே சாதாரணம். எஸ்எம்ஏவுக்கு அது வாய்ப்பைக் கூட்டும், ஏனென்றால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வர வேண்டும். டுஷேனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. அம்மா வழியாக வரலாம், மூன்றில் ஒரு பங்கு பேருக்குப் பிள்ளையிடமே புதிதாகத் தோன்றியிருக்கும். இதை நான் மாமியார்களை உட்கார வைத்துத்தான் சொல்வேன். “எங்க வம்சத்துல இப்படி இல்லியே” என்ற பேச்சு ரிப்போர்ட்டுக்கு முன்பே வீட்டுக்குள் வந்திருக்கும். அம்மாவுக்குப் பரிசோதனை செய்யச் சொல்வது பழி போட அல்ல, அவருடைய தங்கைக்காகவும் மகளுக்காகவும் என்று சொல்லும்போது சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

முக்கூடல் பையனுக்கு இப்போதைக்கு உள்ளது ஸ்டீராய்டு மாத்திரை, வருடத்துக்கு ஒரு எக்கோ, மூச்சுப் பரிசோதனை, கணுக்கால் மடங்கிப்போகாமல் இருக்கத் தினமும் பிசியோ. இழையோடு ஆன்டிபாடியை ஒட்டித் தசைக்குள் அதிகமாக அனுப்பும் சோதனைகள் வெளிநாட்டில் நடக்கின்றன, பெங்களூரில் டார்ட் அறக்கட்டளையும் ஆன்டிசென்ஸில் வேலை செய்கிறது. சேர்க்கை என்று அறிவிப்பு வந்தால் 51-ஆம் பக்கத்தைத் திருப்பிக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். “ஆள் எடுக்கும்போது நடக்கணும்னு கேப்பாங்களா மேடம்?” என்றான். பல சோதனைகளில் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றேன். அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டு, தங்கச்சி கடையத்தில் இருக்கிறாள், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு ரத்தம் எடுக்க எங்கே வரணும் என்று கேட்டார்.