குளிரில் தாகத்தை நம்பாதீர்கள்

வெயிலில் நடந்துவிட்டு வந்தால் கை தானாகத் தண்ணீரைத் தேடும். குளிரில் அதே தூரம் நடந்தாலும் தாகம் எடுக்காது. ஆனால் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. உடம்பு அதைத் 'தண்ணீர் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேற்றுகிறது. மூச்சோடு புகைபோல வருகிறதே, அதுவும் உடம்பின் ஈரம்தான். அதனால் தாகத்தைப் பார்க்காமல் கணக்காகக் குடியுங்கள்: கிளம்பும்முன் ஒரு டம்ளர், திரும்பியதும் ஒன்று, வெதுவெதுப்பாக. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். அடர்ந்திருந்தால் இன்னும் குடிக்க வேண்டும்.

தாகத்தைப் போலவே குளிரும் ஏமாற்றும். வாசலில் நிற்கும்போது நடுங்குகிறது என்று கனமாகப் போர்த்திக்கொண்டு கிளம்பினால், பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். நின்றதும் அந்த ஈரமே எதிரி. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்தும். எனவே முதல் சில நிமிடங்கள் லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் உடை அதிகம். உள்ளே வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை இழையோ மெல்லிய கம்பளியோ, அதன்மேல் சூடு காக்கும் ஒன்று, காற்றடித்தால் மட்டும் மூன்றாவது. பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உள்ளடுக்குக்கு ஆகாது. காலுக்குக் கனமான சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும்தான் சில்லிடும். விரல்கள் உள்ளே அசைய இடம் வேண்டும்.

காற்றுள்ள நாளில் போகும்போது எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது முதுகில் காற்று படும்படி வாருங்கள். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் வர நேரும்.

கிளம்பும்முன் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் நடை, கை சுழற்றல், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. குளிர்ந்த தசையை இழுத்துப் பிடித்து நிறுத்தும் நீட்சிப் பயிற்சிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடுவது உதவும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள். குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். இதய நோய் உள்ளவர்கள் வெளியே வந்த கையோடு ஓடுவதும் பளு தூக்குவதும் வேண்டாம். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி கேளுங்கள்.

மழை, இருட்டு என்றால் வீட்டுக்குள்: உட்கார்ந்து எழுவது 12, சுவரில் கையூன்றித் தள்ளுவது 10, படி ஏறி இறங்குவது 3 நிமிடம், பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) 20 வினாடி. ஒரு நிமிட ஓய்வோடு மூன்று சுற்று. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும். இதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்குதான்.

இனி சாப்பாடு. குளிருக்குச் சூப் நல்லது, ஆனால் உப்புக்கு அது திருட்டு வாசல். சூப் கட்டிகளில் உப்பு நிறைய. அதைப் போட்டால் தனியே உப்பு வேண்டாம். நான்கு பேருக்கு 150 கிராம் மைசூர் பருப்பு, 2 கேரட், 1 வெங்காயம், 2 தக்காளி, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். வெங்காயத்தை வதக்கிப் பருப்பும் கேரட்டும் சேர்த்து 20 நிமிடம் வேகவிடுங்கள். தக்காளியைப் பருப்பு குழைந்த பிறகே போடவும்; புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும். உப்பு கடைசியில் அரைத் தேக்கரண்டி. பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. ஒரு நாளின் மொத்த உப்பே 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் கொதிக்கவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

உறைநிலைக் காய்கறிகளைக் குறைவாக நினைக்க வேண்டாம்; பறித்த சூட்டோடு உறையவைத்தவை, பல நாள் வாடிக் கிடந்ததைவிட மேல். ஜலதோஷம் வராமலிருக்க வைட்டமின் சி மாத்திரை விழுங்குவது பெரும்பாலும் வீண் செலவு. வைட்டமின் டி வேறு கதை. கண்ணாடி ஜன்னலருகே வெயில் காய்ந்தால் சூடு கிடைக்கும், டி கிடைக்காது. அதைத் தோலில் உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்மாதங்களில் வெளியே நின்றாலும் அந்தக் கதிர் போதாது. அங்கே கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, டி சேர்த்த பால் ஆகியவைதான் வழி. மாத்திரையா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.