விடியற்காலையில் மட்டும் கசிந்த கூலண்ட்

உதகையில் நான் ஓட்டும் வண்டி 1998ஆம் ஆண்டு மாருதி 800. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும்போது, பர்லியார் தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைத்து நிற்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய இன்ஜின்தானே என்ற துணிச்சலில் வேலையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் ஃபேசிங் செய்து, அதாவது அடிப்பரப்பைச் சமமாகச் சீவி வாங்கி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கி, அதனால் போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசைப்படி முறுக்கி முடிக்க மூன்று வார இறுதிகள் பிடித்தன. வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. அந்தப் பெருமிதம் நான்கு நாள்கள் நீடித்தது.

ஐந்தாம் நாள், வழக்கமாகப் பாதிக்குக் கீழே நிற்கும் முள் பாதியைத் தாண்டியது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் பாட்டிலில் நான் ஒட்டி வைத்திருந்த டேப் கோட்டிலேயே மட்டம் மாறாமல் நின்றது. வண்டி நின்ற தரையிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் கழுத்தில் கூலண்டே தெரியவில்லை. ஏறக்குறைய அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. பாட்டிலில் அளவு குறையாமல் ரேடியேட்டரில் மட்டும் எப்படிக் குறையும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அன்றே விளங்கியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மனம் நேராக ஹெட் கேஸ்கெட்டுக்குத்தான் போனது. நம் கையால் செய்த வேலையில் எது பெரியதோ அதில்தான் தவறு இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. அந்தச் சந்தேகத்துக்கு உதகையின் டிசம்பர் குளிரும் சேர்ந்து தூபம் போட்டது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் காப்பி நிறத்தில் ஒரு படிவு இருந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் வெண்புகை வந்தது. சமவெளியில் இருப்பவர் இந்த இரண்டையும் பார்த்தால் அப்போதே ஹெட்டைக் கழற்றிவிடுவார். ஆனால் இங்கே, கடைத்தெரு வரை மட்டும் ஓடித் திரும்பும் எந்த வண்டியிலும் இன்ஜினுக்குள் ஈரம் குளிர்ந்து மூடியில் அப்படிப் படியும். உறைபனிக் காலையில் தெருவிலுள்ள அத்தனை வண்டிகளும் வெண்புகைதான் விடுகின்றன. டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தது. மூன்று ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே பழுப்பு நிறம். தண்ணீர் போகும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி விட்டதுபோல் வெளுத்திருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பார்த்தேன். உள்ளே சிக்கியிருந்த காற்று சில குமிழிகளாக வந்து நின்றுவிட்டது. கேஸ்கெட் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு புகுந்திருந்தால் குமிழி நிற்காது, ஆக்சிலேட்டரைக் கூட்டினால் கூடவும் செய்யும். ஆகக் கேஸ்கெட்டில் கோளாறு இல்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் இரவில் படுத்தால் ஹெட் போல்ட்டுகள்தான் கண்ணில் நின்றன.

பிறகு வெளிக்கசிவைத் தேட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, அடியில் அட்டையை விரித்து, டார்ச் விளக்குடன் தெர்மோஸ்டாட் மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை என்று ஒவ்வோர் இடத்தையும் டிஷ்யூ தாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். தாள் எங்கும் நனையவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று.

கடைசியில், எங்கள் தெருமுனையில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "சூட்டுல ஒழுகாததைச் சூட்டுல தேடினா எப்படித் தம்பி கிடைக்கும்? நாளைக்கு விடியறதுக்குள்ள வர்றேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் வந்தபோது கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பொருந்தும் கைப்பம்பு ஒன்றை மாட்டி, 0.9 பார் அழுத்தம் வரை ஏற்றினார். அது என் மூடியில் பொறித்திருக்கும் அளவு. அதைத் தாண்டி ஏற்றினால் நன்றாக இருக்கும் பழைய ஹோஸும் கிழியும். இந்த உயரத்தில் அந்த அழுத்தம் சமவெளியைவிட முக்கியமானது. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை 110 டிகிரிக்கு மேல் தள்ளுகிறது. எங்கோ ஓர் ஊசித்துளை அந்த அழுத்தத்தை விட்டுவிட்டால், குன்னூர் ஏற்றத்தில் முள் மேலே போகாமல் என்ன செய்யும்?

பம்பின் முள் நகரத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் 0.6க்கு வந்தது. அண்ணன் ஒரு சிறிய முகக்கண்ணாடியை இன்ஜினுக்குப் பின்னால், ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்களுக்குக் கீழே நுழைத்தார். அதில் பார்த்தேன்: கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் கடுகளவு பச்சை முத்து ஒன்று மெல்லப் பருத்து, நடுங்கி, கியர்பாக்ஸ் உறையின் பள்ளத்தில் விழுந்தது. அங்கே ஏற்கெனவே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. ஒவ்வொரு நாளும் விழுந்த கூலண்ட் தரைக்கு வராமல் அங்கேயே பரவி, இன்ஜின் சூட்டில் காய்ந்துபோயிருக்கிறது.

ஹெட்டை இறக்கும்போது அந்த ஹீட்டர் ஹோஸைக் கழற்றியவன் நான்தான். இறுகிப் போயிருந்த ரப்பரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் குழாயின் மேல் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. போதாக்குறைக்கு, வண்டியோடு வந்த துருப்பிடித்த ஸ்பிரிங் கிளிப்பை எறிந்துவிட்டு, அதைவிட உறுதியாக இருக்கும் என்று நினைத்து ஸ்க்ரூ கிளிப் போட்டிருந்தேன். குளிரில் ரப்பர் சுருங்கினால் ஸ்பிரிங் கிளிப்பும் அதனுடன் சேர்ந்து இறுகும். ஸ்க்ரூ கிளிப்போ முறுக்கிய இடத்திலேயே நிற்கும். காலையில் இன்ஜினில் அழுத்தம் ஏறும்போது அந்த ஹோஸ் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் கீறல் வழியாகக் கசிகிறது. சூடேறி ரப்பர் பருத்ததும் அடைத்துக்கொள்கிறது. இரவில் இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் பாட்டிலிலிருந்து கூலண்டை உறிஞ்சுவதற்குப் பதிலாக, அந்தக் கீறல் வழியே காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. பாட்டில் மட்டம் அசையாததன் காரணம் அதுவே.

நுண்ணிய எமரித் தாளால் குழாயைச் சுற்றுவாக்கில் தேய்த்துக் கீறலை மழுக்கினேன். ஹோஸைப் புதிதாக வாங்கினேன். அதே அளவுள்ள ஸ்பிரிங் கிளிப்புக்காக மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கிளிப்பின் விலை ஆட்டோ கட்டணத்துக்குக்கூட வராது. சிந்திய கூலண்டைத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். அது இனிப்பாக இருப்பதால் தெரு நாய்கள் நக்கிவிடும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்தபடி கூலண்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றினேன். அண்ணன் மறுநாளும் விடியலில் வந்து பம்பை மாட்டிவிட்டுத் தேநீர் குடித்தார். குடித்து முடிக்கும்வரை முள் 0.9ஐ விட்டு அசையவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மேட்டுப்பாளையம் இறங்கி, நான்கு பேருடன் மலையேறினேன். திங்கள் காலை மூடியைத் திறந்தபோது ரேடியேட்டர் கழுத்து விளிம்புவரை பச்சையாக நிறைந்திருந்தது.