பாரிஸின் இருட்டறையில் ஓர் அம்மா

இசைமேதை மொசார்ட் என்றாலே அப்பா லியோபோல்டைத்தான் பேசுவார்கள். என் மனதில் நிற்பது அம்மா அன்னா மரியா. 1778இல், வேலை தேடி பாரிஸ் போன 22 வயது மகனுக்குத் துணையாகப் போனவர். அப்பா வேலை பார்த்தது சொந்த ஊரான சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயரிடம்; அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பயணச் செலவுக்குக் கடன் வாங்கினார். அக்கா நானெர்ல் (அவரும் சின்ன வயதில் தம்பியோடு ஊர் ஊராக வாசித்தவர்தான்!) வீட்டிலிருந்து பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார்.

பாரிஸில் கிடைத்த அறையில் பகலெல்லாம் வெயிலே தெரியாதாம். பின்னல் போடக்கூட வெளிச்சம் போதவில்லை என்று வீட்டுக்கு எழுதுகிறார். மாடிப்படி குறுகல், இசைக்கருவியை மேலே ஏற்ற முடியவில்லை. மகன் வெளியே போய்த்தான் இசை எழுதவேண்டும். அம்மா நாள் முழுக்கத் தனியே.

ஜூலை 3ஆம் தேதி அங்கேயே இறந்துபோனார். அப்பாவிடம் சொல்ல மகனுக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று மட்டும் அவருக்கு எழுதிவிட்டு, குடும்ப நண்பர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி, அப்பாவைப் பக்குவமாகத் தயார்படுத்தக் கேட்டுக்கொள்கிறார்.

அந்தக் கோடையில் அவர் எழுதிய ஏ மைனர் பியானோ சொனாட்டாவை நேற்று ராத்திரி கேட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.