அம்மம்மாவின்ர ட்ரங்குப் பெட்டியில இருந்த ஒன்பது குறிப்பு

போன கிழமை அம்மம்மாவின்ர ட்ரங்குப் பெட்டியை துப்பரவாக்கேக்க அடியில ஒரு சிவப்புத் துணி மூட்டை, அவிழ்த்துப் பார்த்தா ஒன்பது பிள்ளையளின்ர சாதகக் குறிப்பு. ஓரமெல்லாம் செல்லரிச்சுப்போச்சு. ஐஞ்சில மட்டும்தான் மஞ்சள் தடவிக் கிடக்கு, பொருத்தம் பார்க்க வெளிய எடுத்தது அந்த ஐஞ்சும்தான். மற்ற நாலும் குளிர் காய்ச்சலில, அதான் மலேரியாவில, போனதுகள் எண்டு அம்மா சொன்னா. நாலும் 1946க்கு முன்னம் பிறந்ததுகள், அந்தக் காலத்தில பிறந்து தப்பினது பெரியம்மா ஒராள்தான். அதுக்குப் பிறகு பிறந்த நாலு பேரும் இருந்திட்டினம்.

எங்கட வவுனியாப் பக்கம் மலேரியா எண்டா சொல்லத் தேவையில்ல. அந்த நேரம்தான் இலங்கையில மலேரியா கூடின இடங்களில வீட்டுச் சுவருகளுக்கு நுளம்பு சாக டிடிடி மருந்து அடிச்சவை. 1946 இல ஆயிரம் பேருக்கு 20 சாவு, அடுத்த வருசமே 14. ஒரு வயசுக்குள்ள சாகிற குழந்தையள் ஆயிரத்துக்கு 141 இல இருந்து 101. டிடிடி மட்டும் எண்டு சொல்லேலாது, முந்தியே மலேரியா பெரிசா இல்லாத இடங்களிலயும் சாவு குறைஞ்சது, ஆஸ்பத்திரி, மருத்துவிச்சி, சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான்.

சாவு குறைஞ்சா வயசு போனவை கூடுவினம் எண்டுதான் நானும் கனகாலம் நினைச்சிருந்தனான், ஆனா காய்ச்சலும் வயித்தோட்டமும் கூடக் கொண்டுபோனது சின்னனுகளை, அப்ப தப்பினதும் சின்னனுகள்தான், அதுகள் வளர்ந்து அதுகளும் பிள்ளை பெற, நாடு இன்னும் இளசாப் போச்சு. 15 வயசுக்குக் கீழ 1946 இல நூறில 37 பேர், 1963 இல 41.

நாட்டுக்கு வயசு போகத் தொடங்கினது பிள்ளை பெறுறது குறைஞ்ச பிறகுதான். அம்மாக்கு நாங்கள் மூண்டு, எனக்கு ஒண்டு. இப்ப ஆக்களைக் கொண்டுபோறது மாரடைப்பு, சீனி வருத்தம், கான்சர், இதில ஒராளைக் காப்பாத்தினா கூடுறது மேல் வயசுப் பக்கம்தான், அவை இனிப் பிள்ளை பெறப்போறேல்ல. 2012 கணக்கெடுப்பிலயே 60க்கு மேல 12.4 வீதம்.

அம்மா 1948, மாமா 1950. ரெண்டு பேரும் கிளினிக் நாளில விடிய ஐஞ்சரைக்கே கொப்பியோட நம்பர் எடுக்கப் போயிடுவினம். வாங்கு முழுக்க அவையின்ர வயசுதான். ஒவ்வொருத்தரும் தன்னோட எந்த வகுப்பில படிச்சவை எண்டு அம்மா எனக்குக் காட்டுவா, அப்ப ஒரு வாங்கில ஆறு பேர் நெருக்கிக்கொண்டு இருந்தவையாம்.