சேவைக் கடிதத்தில் எழுதக்கூடியது, போனில் சொல்லக்கூடியது

2025 பெப்ரவரி 3, திங்கள்

பெரும்போக அறுவடை தொடங்கினால் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு ஆள் வேணும். உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைகள் காத்தான்குடியிலும் மட்டக்களப்பு நகரிலும் புடைவைக் கடை ஏறி இறங்குவதும் இந்த நாட்களில்தான். எங்கே போனாலும் முதற் கேள்வி, "முந்தி எங்க நின்ட? கடிதம் இருக்கா?"

அவர்கள் கேட்பது சேவைக் கடிதம், முந்தி வேலை செய்த இடத்தில் தருவது. அதில் பழைய முதலாளி கெட்டதாக ஒரு சொல்லும் எழுதக்கூடாது, எழுதினால் பொலிசுக்குப் போகலாம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது பிழை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அவதூறுக் குற்றம் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது உரோம டச்சுச் சட்டத்தின் கீழான குடியியல் வழக்கு. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். 2 வருடத்துக்குள் கேட்க வேணும். பழைய முதலாளி, புதிய முதலாளி கேட்டதற்காக, தான் உண்மையென்று நம்புவதை அவருக்கு மட்டும் சொன்னால் சட்டம் பழைய முதலாளிக்குப் பாதுகாப்புத் தருகிறது. வன்மம் வைத்துச் சொன்னாலோ, கேட்காதவர்களுக்கும் பரப்பினாலோ அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கடைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருவரின் படத்தைப் போட்டு "இவரை எடுக்க வேண்டாம்" என்று எழுதுவது இந்த இரண்டாவது வகை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு பிள்ளையின் பிழைப்பு அதிலே போகிறது.

2025 பெப்ரவரி 5, புதன்

கடிதத்தின் உடல். கடைப் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாள், திகதி, அதன் கீழே தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம். பிறகு பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலை இரண்டு மூன்று வரியில், விலகிய காரணம். கையொப்பத்தின் கீழே ஒப்பமிட்டவரின் பெயரும் பதவியும் தொலைபேசி இலக்கமும், பக்கத்தில் றப்பர் முத்திரை. கடைசிச் சம்பளத்தை வேலை செய்தவர் கேட்டால் மட்டும் போடுங்கள். சுகவீனம், குடும்பப் பிரச்சினை, கடன் இவை எதுவும் கடிதத்துக்குள் வரத் தேவையில்லை.

கடிதம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்னப் பிழைகளால். 05/06/2023 என்று போட்டால் ஐந்தாம் மாதமா ஆறாம் மாதமா என்று தெரியாது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். அடையாள அட்டையில் முழுப்பெயர், கடிதத்தில் வீட்டுப் பெயர் என்றால் அது வேறொரு ஆளின் கடிதம் ஆகிவிடும். "தற்போது பணிபுரிகிறார்" என்று எழுதிய கடிதத்தை விலகிய பிறகும் கொண்டு திரிவதும் உண்டு.

குணத்தைப் பற்றி எழுதுவதென்றால் பார்த்ததை எழுதுங்கள். "நேர்மையானவர்" என்று எழுதினால் அடுத்த முதலாளிக்கு அதில் பிடிக்க ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "2021 மார்ச் தொடக்கம் 2024 ஓகஸ்ட் வரை காசாளராக இருந்தார். நாளாந்தக் காசைத் தானே எண்ணி ஒப்படைத்தார். இந்தக் காலத்தில் கணக்கில் வித்தியாசம் வரவில்லை." இதை எழுதக் கணக்குப் புத்தகம் போதும். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

2025 பெப்ரவரி 8, சனி

கடிதம் சுத்தமாக இருக்கும். போனில்தான் ஆள் விழுவார். "எப்படி ஆள்?" என்ற கேள்விக்கு ஒரு பெருமூச்சு விட்டாலே காணும், அங்கே வேலை இல்லை. அப்படிக் கைவிட்டுப் போன வேலை ஏன் போனது என்று வேலை தேடியவருக்கு ஒருக்காலும் தெரியவராது. எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான்.

கடை வைத்திருப்பவர்கள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். பதில் சொல்வதற்கு ஒரே ஒருவர், முதலாளி அல்லது முகாமையாளர். காசு மேசையில் நிற்கும் தம்பி எடுத்தால் "ஐயாட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்ல வேணும். கேட்பவர் யார், எந்தக் கடை என்று எழுதிக்கொண்டு, வைத்துவிட்டு, அந்தக் கடையின் இலக்கத்துக்கு நீங்களே திருப்பி எடுங்கள். கடன் கொடுத்தவரும் சண்டை பிடித்த உறவினரும்கூட முதலாளி மாதிரிப் பேசித் தகவல் எடுப்பார்கள். பதில் இவ்வளவு போதும்: "இந்தத் திகதி தொடக்கம் இந்தத் திகதி வரை எங்களிடம் இந்தப் பதவியில் இருந்தார். மிச்சம் வேணுமென்றால் எழுதிக் கேளுங்கள், எழுதித் தருவோம்." எல்லாருக்கும் இதே பதில் என்றால்தான் இது வேலை செய்யும். பிடித்தவருக்கு 10 நிமிடம் புகழ்ந்து, பிடிக்காதவருக்குத் திகதி மட்டும் சொன்னால் அந்த மௌனமே குற்றச்சாட்டு.

2025 பெப்ரவரி 12, புதன்

நவம் போயா, அலுவலகங்கள் பூட்டு. முதல் வேலை தேடும் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு. கிராம உத்தியோகத்தர் தருவது வதிவிடமும் நற்பண்பும் பற்றிய சான்றிதழ். பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்கினால்தான் செல்லும். அது 6 மாதத்துக்குத்தான். வேலைத் திறமை பற்றி அதில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பாடசாலை அதிபரின் கடிதம் வேணும். உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்டால், உங்களை உண்மையில் தெரிந்தவரைப் போடுங்கள், போட முதல் அவரிடம் கேளுங்கள். பெரிய மனிதர் என்று பெயர் போட்டு, அவர் போனில் "ஆரது?" என்று கேட்டால் எல்லாம் முடிந்தது.

2025 பெப்ரவரி 17, திங்கள்

வேலையால் நிறுத்தியவருக்குக் கடிதம் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதலில் கேட்க வேண்டியது, விசாரணை நடந்ததா? குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவருடைய பதிலையும் எழுத்தில் வாங்கி, சாட்சி கேட்டு முடிவெடுத்திருந்தால் மட்டுமே காரணத்தைத் தொடலாம். அப்போதும் "களவெடுத்தார்" என்று வேண்டாம். "காசுக் குறைவு தொடர்பான உள்ளக விசாரணையின் பின் சேவை முடிவுறுத்தப்பட்டது" என்பது நடந்தது, மற்றது தீர்ப்பு. விசாரணையே இல்லாத சந்தேகம் என்றால் திகதியும் பதவியும் மட்டும்.

இரக்கத்தால் எழுதும் பொய்யும் ஆபத்துத்தான். நிறுத்திவிட்டு "தன் விருப்பில் விலகினார், சிறந்த ஊழியர்" என்று எழுதிக் கொடுத்தால், நாளை தொழில் நியாயசபையில் அவர் முதலில் நீட்டுவது அந்தக் கடிதத்தைத்தான். நிறுத்தியதற்கு நீங்கள் சொல்லும் காரணம் அங்கேயே உடையும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்தால் வேலையால் நிறுத்துவது பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தை மறக்க வேண்டாம்: ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால் இரண்டாவது வேலை நாள் முடிய முன் காரணத்தை எழுத்தில் அவருக்குக் கொடுத்தாக வேணும். அந்தக் கடிதமும் சேவைக் கடிதமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கட்டும்.

2025 பெப்ரவரி 20, வியாழன்

வளைகுடாவில் இருந்து திரும்புகிறவர்கள், விமானம் ஏற முதல் கடிதத்தைக் கையில் எடுங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தம் முடியும்போது தொழிலாளி கேட்டால் அனுபவச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்க வேணும். சேர்ந்த நாள், முடிந்த நாள், பதவி, கடைசிச் சம்பளம், முடிந்த காரணம் அதில் வரும். பெயரைக் கெடுப்பதோ அடுத்த வேலையைக் குறைப்பதோ எழுதக்கூடாது. சுவிசில் உள்ள நம்மவர்களுக்கு உரிமை இன்னும் விரிவு: எந்த நேரமும் கேட்கலாம், விரும்பினால் வேலையின் தன்மையும் காலமும் மட்டும் போட்ட கடிதம் கேட்கலாம். இந்த விதிகள் அந்தந்த நாட்டுக்கானவை. கல்முனைக் கடைக்காரரிடம் போய் டுபாய்ச் சட்டத்தைக் காட்டிப் பலனில்லை.

கடிதம் தர வேண்டிய நிறுவனமே இல்லாமற்போன கதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்கள் பல திட்டம் முடிய அலுவலகத்தைப் பூட்டிப் போயின. அப்படிப்பட்டவர்களுக்குச் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று உதவும். ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் எந்த மாதங்களுக்கு, எந்த முதலாளியின் பெயரில் கட்டப்பட்டன என்று அதில் வரும். அதோடு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அன்றைய மேற்பார்வையாளர் தன் பெயரில் எழுதும் ஒரு கடிதம். அவர் இப்போது இருக்கும் வேறு நிறுவனத்தின் தாளில் எழுதக்கூடாது. வெற்றுத் தாளில், "அந்தக் காலத்தில் நான் இவருடைய மேற்பார்வையாளராக இருந்தேன்" என்று தொடங்கி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று போட்டு ஒப்பமிடட்டும்.