அக்ரிங்டன் ஸ்டான்லி: செத்துப் பிழைத்த கிளப்

மான்செஸ்டரிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் அக்ரிங்டன். லங்காஷயரின் பழைய பஞ்சாலை ஊர். சுற்றுலாக்காரர்கள் யாரும் இங்கே வருவதில்லை. நான் போனது ஒரு கால்பந்து கிளப்புக்காக.

முதலில் பீல் பார்க். ஸ்டான்லியின் பழைய மைதானம் இருந்த இடம். காப்பிஸ் குன்றின் அடிவாரத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடும் புல்வெளி. ஒரு காலத்தில் இங்கே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள் என்று சொன்னால் நம்ப முடியாது.

1888இல் இங்கிலாந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் அக்ரிங்டன் என்று ஒன்று உண்டு. அது வேறு, ஸ்டான்லி வேறு. பழையது சில ஆண்டுகளில் மறைந்துபோக, ஸ்டான்லி தெருப் பையன்கள் தொடங்கிய அணி அந்த இடத்துக்கு வளர்ந்து 1921இல் லீக்கில் சேர்ந்தது.

சிக்கல் அக்கம்பக்கத்தில்தான். ஒரு பக்கம் பிளாக்பர்ன், மறுபக்கம் பர்ன்லி, இரண்டும் கூப்பிடு தூரம். 1960இல் பர்ன்லி இங்கிலாந்தின் சாம்பியன், பிளாக்பர்ன் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில். அப்படியிருக்க நாலாம் டிவிஷன் ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? கூட்டம் வடிந்தது, கடன் ஏறியது. ஆல்டர்ஷாட் ராணுவ அணிவகுப்பு மைதானத்திலிருந்து பழைய பார்வையாளர் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி நிறுத்தியது வேறு கூடுதல் சுமை. 1962 மார்ச்சில், சீசன் நடுவிலேயே, லீக்கிலிருந்து விலகுவதாகக் கடிதம் அனுப்பினார்கள். பிறகு மனம் மாறி, திரும்பப் பெறுகிறோம் என்றார்கள். லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் முடியாது என்றுவிட்டார். அந்த சீசனில் ஆடிய ஆட்டங்கள் அத்தனையும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. கடன்காரர்களைச் சமாளிக்க யோசனை சொல்ல வந்தவர் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட். கைதூக்கிவிட வந்தாரா, கதையை முடிக்க வந்தாரா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

காலியான இடத்துக்கு வந்தது ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்.

ஊர்க்காரர்கள் 1968இல் கூடிப் பேசி, கிளப்பைப் புதிதாகத் தொடங்கி, 1970இல் கிரவுன் கிரவுண்டில் ஆட ஆரம்பித்தார்கள், அடிமட்ட லீக்குகளில். அப்போதும் கேலி விடவில்லை. ஒரு பால் விளம்பரத்தில் இரண்டு பொடியன்கள், பால் குடிக்காவிட்டால் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்கு என்று பேசிக்கொள்வார்கள். நாடே சிரித்தது.

1999இல் ஜான் கோல்மன் மேலாளராக வந்தார். ஸ்டான்லி முன்பு பிளாக்பூல் கிளப்புக்கு விற்றிருந்த ஆட்டக்காரர் பிரெட் ஓர்மராடை, பிளாக்பூல் சவுத்தாம்ப்டனுக்கு மறுபடி விற்றபோது அதில் ஒரு பங்கு இங்கே வந்து சேர்ந்தது. அந்தப் பணம் நன்றாகக் கைகொடுத்தது. 2006இல் ஸ்டான்லி லீக்குக்குத் திரும்பியது. அதே சீசனில் லீக்கிலிருந்து கீழே விழுந்த அணிகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

கிரவுன் கிரவுண்டு சின்னது. ஐயாயிரம் பேர் வந்தால் நிறைந்துவிடும். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவதும், பின்னாலிருந்து ஒரு தாத்தா அந்த கோல்கீப்பரைத் திட்டுவதும் துல்லியமாகக் கேட்டன. இடைவேளையில் ஆளுக்கொரு மீட் பை. நம்மூர் பப்ஸுக்குப் பெரியண்ணன், உள்ளே குழம்பு கொதிக்கிறது, நாக்கு ஜாக்கிரதை. 2018இல் லீக் டூ என்ற நாலாம் அடுக்கில் சாம்பியன் ஆனதை ஒரு தடவை கேட்டால் பத்து தடவை சொல்கிறார்கள். 2023இல் மறுபடி கீழே இறங்கியதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

போகிறவர்கள் உள்ளூர் ரசிகர்கள் நிற்கும் கிளேட்டன் எண்டில் டிக்கெட் எடுங்கள். எதிரணிப் பக்கத்துக்குக் கூரை கிடையாது, லங்காஷயர் மழையோ சொல்லிவிட்டு வருவதில்லை.