கரண்ட் எங்கிருந்து வருகிறது?

அறிபுனைத் தொடர் எதுவானாலும் நான் முதலில் கவனிப்பது இரண்டு விஷயங்கள்தான்: அந்த உலகத்தில் கரண்ட் எங்கிருந்து வருகிறது, நின்றுபோனால் யார் போய்ச் சரிசெய்கிறார்கள்? மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? விண்கலம் தன்பாட்டுக்குப் பறக்கிறது, யார் கையிலும் கிரீஸ் இல்லை என்றால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இந்தக் கேள்வியை மதித்த தொடர் 'சைலோ'. 2023 மே மாதம் ஆப்பிள் டிவியில் வந்தது. குறுவை முடிந்தபிறகுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை நாற்றங்காலுக்குப் போர் மோட்டார்தான் கதி. மூன்றில் ஒரு ஃபேஸ் போனது தெரியாமல் ஓடிக் கருகிய மோட்டார்கள் வாசல்வரை கிடக்கும் மாதங்களில் எவன் டிவி பார்ப்பான்?

'சைலோ'வில் பூமிக்கு அடியில் 144 தளங்கள், பத்தாயிரம் மக்கள். லிஃப்ட் கிடையாது, ஒரே ஒரு சுழல் படிக்கட்டு. ரெபெக்கா ஃபெர்குசன் நடித்திருக்கும் ஜூலியட், அடியாழத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். மூன்றாவது எபிசோடில் அந்த ஜெனரேட்டரை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். அது ஓடாத நேரத்தில் அடைபட்ட நீராவியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஜூலியட் உள்ளே இறங்கிக் கொதிக்கும் இரும்பின்மேல் குழாயால் தண்ணீர் அடிக்கிறாள். துப்பாக்கி இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை. ஆனாலும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய சுழலியில் வளைந்த இதழைச் சரிசெய்து மாட்டிய கையோடு முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள். பேலன்ஸ் பார்க்க வேண்டாமா? ஐந்து குதிரைத்திறன் மோட்டாரிலேயே ரோட்டர் துளி எடை மாறினால் பேரிங் ஒரு மாதத்தில் அலற ஆரம்பித்துவிடும். இதைச் சொன்னதும் அக்கா மகன், "மாமா, இது கதை. நீங்கள் பில் போட வந்ததுபோல் பார்க்கிறீர்கள்" என்றான். பட்டறையில் எனக்குத் துணையாக இருக்கிறவன்தான். அவனுக்கு 'ஏலியன்: எர்த்' தொடரில் ஆட்டின் தலைக்குள் புகுந்துகொள்ளும் கண் பிராணி போதும். எனக்கும் பிடித்தது அந்த ஆடு மட்டும்தான்.

'ப்ளூரிபஸ்' வேறு ரகம். வின்ஸ் கில்லிகன் எடுத்தது, 2025 நவம்பரில் வந்தது. விண்வெளியிலிருந்து வந்த ஒரு சமிக்ஞையால் உலகமே ஒரே மனமாகிவிடுகிறது. தப்பியவர்கள் 13 பேர். அதில் கேரல் என்ற எழுத்தாளர், எந்நேரமும் சிடுசிடுப்பவர். ஓர் இரவு சிக்கனத்துக்காக ஊரின் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். கேரல் ஒரு போன் போட்டதும் ஊரே மறுபடி வெளிச்சமாகிறது. தொடரில் என்னால் நம்பவே முடியாத காட்சி அதுதான். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது இங்கே மின்கம்பங்கள் லட்சத்துக்குமேல் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்கள் வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். நான் பார்த்த ஒரு குழுவில், கம்பத்தின் அடியைத் தாங்கியவருக்குக் கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஓயவில்லை. சேறு தெறித்த முகத்தோடு, "இடது காலை எடு, இடது காலை எடு" என்று எண்ணிக்கை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார். உலகம் முழுக்க ஒரே மனமாக இருந்தாலும் அந்தக் கம்பத்தை எட்டுப் பேராவது தூக்கத்தான் வேண்டும். அதைக் காட்டாமல் விளக்கை மட்டும் எரியவிட்டால் எப்படி? மற்றபடி தொடர் அருமை. கேரலின் சிடுசிடுப்புக்காகவே ஒன்பது எபிசோடையும் பார்க்கலாம்.

இந்தக் கிறுக்குக்கு மூலம் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தபோது தமிழரே ஆகிவிட்டார். ஆய்வகத்தில் உயர் மின்னழுத்தம் தாக்கியதும் உடல் மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அப்பாவின் பட்டறையில் காயில் சுற்றும் மேடைக்கு அடியில் உட்கார்ந்து இதைப் படித்தேன். அடையாளத்துக்கு, மோட்டாரில் காயிலுக்கு அடியில் வைக்கும் ஸ்லாட் பேப்பர் துண்டைத்தான் செருகி வைப்பேன். சில பக்கங்களில் வார்னிஷ் விரல் ரேகை இன்னும் இருக்கிறது. அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஷாக் அடித்தால் ஆள் மறைவது நிஜம்தான்டா. திரும்ப வரமாட்டான், அவ்வளவுதான்" என்றார்.

காமிக்ஸ் நண்பர்களிடம் நான் வைக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சட்டையும் கால்சட்டையும் சேர்ந்து மறைகின்றன, உலோகம் மட்டும் மறையாது. அப்படியானால் பெல்ட் கொக்கி? செருப்பாணி? ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கிளப்பிவிட்டுத் தேநீர் வாங்கப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் இரண்டு கட்சியாகியிருப்பார்கள்.

இப்போதெல்லாம் காமிக்ஸ் பெட்டிக்கடையில் தொங்குவதில்லை. சந்தா கட்டினால் கூரியரில் வருகிறது. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் போதும் என்கிறவர்களுக்கும் நாவல்போல் கனமான கதை சொல்லும் கிராபிக் நாவல் வேண்டும் என்கிறவர்களுக்கும் நடுவே எப்போதும் புகைச்சல். நான் பொதுவாக டெக்ஸ் கட்சி. அக்கா மகன் எதிர்க்கட்சி. அவனுக்காக அதற்கும் சேர்த்தே பணம் கட்டுகிறேன், படித்துவிட்டு வாய் திறக்காமல் திருப்பித் தருகிறேன். ஆனால் மாயாவிக்கு வண்ணம் பூசுவதில் மட்டும் சமரசம் கிடையாது. மாயாவியை வரைந்த ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு மையில் இழுத்த நிழலுக்குள்தான் அந்தக் கை பளபளக்கும். நீலமும் மஞ்சளும் அப்பினால் அது வெறும் கையுறை.